சருகுக்கடியில் பார்த்தவை: அனுபவங்கள்

காவேரிப்பட்டினம் பக்கத்திலிருந்து:

எங்கள் மாந்தோப்பில் பெங்களூரா ரக மரங்கள்தான் அதிகம். காய் இறக்கி முடிந்ததும் சருகைக் கூட்டிக் கொளுத்துவது அப்பா காலத்து வழக்கம். போன வருடம் ஆள் கிடைக்காமல் ஒரு மூலை அப்படியே கிடந்துவிட்டது. ஆவணி மழைக்குப் பிறகு அந்தச் சருகைப் புரட்டினால், அடியில் கிடந்த இலைகள் நரம்பு மட்டும் மிஞ்சிச் சல்லடையாகியிருந்தன. இவ்வளவையும் தின்றது யார்?

பார்ப்பதற்குப் பெரிய கருவி தேவையில்லை. 1905இல் பெர்லேசே என்ற இத்தாலியர் செய்த புனல்தான். அவர் வெந்நீரால் சூடேற்றினார்; 1918இல் ஸ்வீடனைச் சேர்ந்த துல்கிரென் அதற்குப் பதிலாக மின்விளக்கு வைத்தார். நான் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் மேல்பாதியை அறுத்துக் கவிழ்த்து, உள்ளே கொசுவலைத் துண்டு பொருத்தி, அதன்மேல் இரண்டு கைப்பிடி சருகும் மேல்மண்ணும் போட்டேன். மேலே பல்பு, கீழே ஸ்பிரிட் ஊற்றிய குப்பி. வெளிச்சமும் வறட்சியும் ஆகாத பிராணிகள் ஈரத்தைத் தேடி இறங்கிக்கொண்டே வந்து குப்பியில் விழும்.

முதல் தடவை 100 வாட் பல்பைப் போட்டுத் தொலைத்தேன். மறுநாளே மண் வறுத்த பொரியாகிவிட்டது. குப்பியில் இரண்டு எறும்பும் கொஞ்சம் தூசியும். மண் மேலிருந்து மெல்ல மெல்லக் காய வேண்டும். அவசரப்படுத்தினால் இறங்கும் வழியிலேயே வற்றிச் செத்துவிடும். அடுத்த தடவை 25 வாட், நான்கு நாள். "கோழிக்குஞ்சுக்குப் போட வேண்டிய விளக்கை மண்ணுக்குப் போட்டு வைத்திருக்கிறானே" என்று அம்மா பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொல்லிச் சிரித்தது வேறு கதை.

குப்பியை வெள்ளைத் தட்டில் கவிழ்த்து, பத்து மடங்கு லென்ஸை வைத்தேன். முதலில் கண்ணில் பட்டவை மண் மைட்டுகள், அதாவது உண்ணி இனத்துச் சின்னஞ்சிறு பிராணிகள். ஒரு கேழ்வரகை நான்காகப் பிளந்தால் ஒரு துண்டு எவ்வளவு இருக்கும், அவ்வளவுதான் உடம்பு. கேழ்வரகின் நிறமே. மேலே மெழுகு தேய்த்ததுபோல் பளபளக்கும் ஓடு. எட்டுக் கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டால் விதை என்றே நினைப்போம். செடியில் சாறு உறிஞ்சும் சிவப்புச் சிலந்திக்கு இவை தூரத்து உறவு. ஆனால் தின்பது மட்கும் இலையும் பூஞ்சையும்.

அடுத்து ஸ்பிரிங்டெயில்கள். இவற்றுக்கு எங்கள் ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கேட்டதில்லை. வயிற்றுக்கடியில் மடக்கி, கொக்கியில் மாட்டி வைத்திருக்கும் கவட்டையை விடுவித்தால் தரையில் அறைந்து உடம்பை மேலே தூக்கி எறியும். குப்பியில் செத்தவற்றில் கவட்டை விரிந்து தொங்கியது. ஆறு கால் இருந்தும் இவற்றை இப்போது பூச்சியினத்தில் சேர்ப்பதில்லை. வாயுறுப்புகள் தலைக்குள்ளேயே ஒளிந்திருப்பது ஒரு காரணம். பூரான் குட்டி என்று நான் நினைத்த வெள்ளைப் பிராணிக்குக் கண்ணே இல்லை, கால்கள் 12 ஜோடி. அது சிம்பைலா என்ற தனி வகை.

சும்மா இருக்காமல், வரப்புக்கு அந்தப் பக்கம் ரோட்டவேட்டர் ஓட்டிய தக்காளிக் கொல்லையிலும் அதே அளவு மண் எடுத்துப் போட்டேன். ஸ்பிரிங்டெயில் மூன்று. ஓட்டு மைட் ஒன்றுகூட இல்லை. அவை கொஞ்சமாகத்தான் முட்டையிடும், மெதுவாகத்தான் வளரும்; சில வகைகள் முதிர்ச்சியடைய ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். போகத்துக்குப் போகம் புரட்டிப் போடும் மண்ணில் அவற்றால் எப்படிக் குடும்பம் நடத்த முடியும்?

தேன்கனிக்கோட்டையிலிருந்து:

லென்ஸ் இல்லாமலே பார்க்கக்கூடியது ஒன்றைச் சொல்கிறேன். முதல் மழை நின்றதும் செம்மண்ணில் குங்குமத்தைச் சிந்தியதுபோல் ஊருமே, தம்பலப்பூச்சி. சங்கப் புலவர்கள் மூதாய் என்றார்கள். நாங்கள் தீப்பெட்டியில் புல் போட்டு வளர்க்கப் பார்த்தோம். புல்லை அது தொடவே தொடாது என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அதுவும் ஒரு மைட். மண்ணிலுள்ள சிற்றுயிர்களையும் அவற்றின் முட்டைகளையும் தின்னும். வெட்டுக்கிளியின் இறக்கை அடியில் சிவப்புப் பொட்டுகள் ஒட்டியிருந்தால் உற்றுப் பாருங்கள். இந்த இனத்து மைட்டுகளின் குஞ்சுகளாக இருக்கும்.

பென்னாகரத்திலிருந்து:

நாற்றங்கால் தட்டில் தேங்கிய தண்ணீரில் சாம்பல் மிதந்தது. விரலை வைத்தேன், சாம்பல் துள்ளியது! அத்தனையும் ஸ்பிரிங்டெயில். அதே வாரம் மிளகாய் நாற்று அடித்தண்டு அழுகிச் சாய்ந்ததால் பழியை அதன் தலையில் போட்டு, கடையில் கொடுத்த மருந்தையும் அடித்துவிட்டேன். நாற்று தொடர்ந்து சாய்ந்தது. அழுகல் நோய்க்குக் காரணம் தண்ணீர் தேங்கிய மண்ணிலிருந்த பூஞ்சை. ஸ்பிரிங்டெயில் பூஞ்சையை மேய்கிற பிராணி. திருடனைப் பிடிக்க வந்தவனை அடித்த கதைதான். தோலில் தண்ணீர் ஒட்டாத நுண்மேடுகள் இருப்பதால்தான் அவை மூழ்காமல் மிதந்தனவாம்.

அரூரிலிருந்து:

என்னுடையது சின்ன விஷயம். மேசையில் உட்கார்ந்த ஈயின் கால் தடித்திருந்தது. குனிந்து பார்த்தால் ஒரு பொய்த்தேள். கொடுக்கு வால் கிடையாது, இடுக்கிகள் மட்டும் தேளுடையவை. ஒரு இடுக்கியால் ஈயின் காலைக் கவ்விக்கொண்டிருந்தது. சருகிலும் மரப்பட்டையிலும் வாழ்கிற இது, இடம் மாற இப்படித்தான் சவாரி செய்யும். போட்டோ எடுக்கக் கைபேசியைத் தேடுவதற்குள் அந்தப் பறக்கும் பஸ் கிளம்பிவிட்டது.