கூப்பிட்டால் கூட்டுக்கு வரும் கிளி: கொழும்பு வீடுகளின் அனுபவங்கள்

வெள்ளவத்தையிலிருந்து:

எங்கள் வீட்டில் ஒரு ஆண் காக்கட்டீல், அதாவது தலையில் கொண்டையுள்ள சின்னக் கிளி, வளர்கிறது. சாம்பல் உடம்பு, மஞ்சள் முகம், கன்னத்தில் செம்மஞ்சள் பொட்டு. காலையில் கூட்டைத் திறந்துவிட்டால் ஹோல் முழுக்கப் பறக்கும். விசிலடித்தால் எங்கிருந்தாலும் வந்து கூட்டு வாசலில் இறங்கி, தானே உள்ளே போகும். எப்படிப் பழக்கினீர்கள் என்று பலர் கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். மற்றவர்களும் உங்கள் வீட்டுக் கதைகளைச் சொல்லுங்கள்.

துவாயைப் போட்டு அமுக்கிப் பிடித்துக் கூட்டில் அடைக்கிற வீடுகள் நிறைய இருக்கின்றன. எனக்கு அது மனதுக்கே ஒவ்வாது. மேலேயிருந்து வந்து கவ்வுகிற எதையும் கிளி பருந்தாகத்தான் பார்க்கும். இன்று அப்படிப் பிடிபட்டால் நாளைக்கு இன்னும் உயரத்தில், திரைச்சீலைக் கம்பியில் போய் ஏறிக்கொள்ளும். கிளி தானாகத் திரும்பி வர வேண்டுமென்றால் அந்த வீட்டிலேயே அதற்குப் பிடித்த இடம் கூடாக இருக்க வேண்டும். மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான்.

எங்கள் பறவைக்குத் தினைக்கதிர் என்றால் உயிர். அதனால் கதிரை வேறெங்கும் கொடுப்பதில்லை, கூட்டுக்குள் மட்டும்தான். கூட்டு வாசலில் ஒரு கொய்யாக் கிளையை வெளியே நீட்டிக் கட்டினோம். வந்து இறங்க ஓர் இடம் இல்லாவிட்டால் கூட்டைச் சுற்றிச் சுற்றிப் பறந்துவிட்டுத் திரும்பவும் அலுமாரி மேல் போய்விடும்.

அப்புறம் ஈர்க்கு. ஒரு விளக்குமாற்று ஈர்க்கை நன்றாகக் கழுவி, நுனியைக் கிளியின் முன்னால் நீட்டுங்கள். ஆர்வத்தில் அலகால் தொடும். தொட்ட அந்த நொடியே நாக்கால் ஒரு ‘டிக்’ சத்தம் போட்டு, இரண்டு மணி தினை கொடுங்கள். சத்தம் வந்தால் தீனி வரும் என்பது சீக்கிரமே பிடிபடும். பிறகு ஈர்க்கை ஒரு அடி தள்ளிப் பிடித்தால் நடந்து வரும், இன்னும் தள்ளினால் பறந்து வரும். கடைசியில் கூட்டுக்குள்ளே பிடித்தால் உள்ளேயும் வரும். ஒவ்வொரு தடவையும் ஈர்க்கைக் காட்டுமுன் ஒரே மாதிரி விசிலடிக்க வேண்டும். நாளடைவில் ஈர்க்கு தேவைப்படாது, விசில் மட்டும் போதும்.

பலர் தடுக்கி விழுகிற இடம் ஒன்று இருக்கிறது. கிளி உள்ளே வந்ததும் கதவைச் சாத்திவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். நாலு நாளில் கிளிக்கு விளங்கிவிடும், விசில் கேட்டால் விளையாட்டு முடிந்தது என்று. பிறகு வரவே வராது. உள்ளே வந்தால் தினை கொடுங்கள், சாப்பிட்டதும் திரும்ப வெளியே விடுங்கள். இப்படிப் பலதடவை. இடையில் சாப்பிடுகிற நேரம் கதவைச் சும்மா சாத்தி உடனே திறவுங்கள். கதவு அடைபடுவது ஒரு விஷயமே இல்லை என்று அதற்குத் தோன்ற வேண்டும். உண்மையில் அடைக்க வேண்டிய நேரத்தில் பெரிய கதிராகக் கொடுங்கள்.

பசியோடு இருந்தால்தான் பழகும் என்று சிலர் பட்டினி போடச் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். காக்கட்டீலின் மொத்த எடையே 80 முதல் 100 கிராம்தான். பட்டினியைத் தாங்குகிற உடம்பு அதற்கு இல்லை. காலைத் தீனி வைப்பதற்கு முன்னால் பழக்கினால் போதும், அந்த நேரத்தில் இயல்பாகவே பசி இருக்கும். எங்களுக்கு அது வேறு விதத்திலும் வசதி. கொழும்பு வெயிலில் ஃபேன் இல்லாமல் இருக்க முடிகிற நேரம் அதிகாலை மட்டும்தானே. கிளி வெளியே இருக்கும்போது ஃபேன் ஓடவே கூடாது. யன்னல், பல்கனிக் கதவு எல்லாம் பூட்டி, கண்ணாடிக்குத் திரைச்சீலை இழுத்துவிட்ட பிறகே கூட்டைத் திறப்போம்.

கொண்டையையும் கவனியுங்கள். நட்டுக்கு நிமிர்ந்து நின்றால் எதற்கோ மிரண்டிருக்கிறது. கடற்கரைப் பக்கம் ரயில் போகும்போது எங்கள் பறவை அப்படித்தான் நிற்கும். அந்த நேரம் விசிலடிப்பதில்லை. கொண்டை தளர்ந்து பாதியாகச் சரிந்தால் மனம் ஆறிவிட்டது, கூப்பிடலாம். தலையோடு ஒட்டப் படிந்து சீறினால் அன்றைக்குப் போதும், விட்டுவிடுங்கள். இரண்டு பேருக்கும் சலிக்காத அளவுக்கு, ஐந்து பத்து நிமிஷத்தில் முடிப்பதுதான் நல்லது.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

அக்கா சொன்ன ஈர்க்கு முறை கைக்குப் பயந்த கிளிக்கும் சரிவரும். எங்களிடம் இருப்பது கழுத்தில் வளையமுள்ள பச்சைக்கிளி. வெளிநாடு போன பக்கத்து வீட்டார் விட்டுச் சென்றது. கையைக் கண்டாலே கூட்டின் மூலையில் ஒட்டிக்கொள்ளும், கிட்டப் போனால் கொத்தும். அம்மாதான் பொறுமையாக இருந்தார். முதலில் கூட்டுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக் கீரை ஆய்ந்தபடி அதோடு கதைத்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். பிறகு கம்பிக்கு வெளியிலிருந்தே ஈர்க்கைத் தொடப் பழக்கினார். கூட்டைத் திறப்பதற்கு முன்பே ஈர்க்கைத் தேடி வருவது, வாசலுக்குப் போவது எல்லாம் அதற்குப் பாடமாகிவிட்டது. இன்றுவரை கையில் ஏறாது. ஆனால் சூரியகாந்தி விதை விழுகிற சத்தம் கேட்டால் ஹோலின் மறு கோடியிலிருந்து கூட்டுக்குப் பறந்து வந்துவிடும். அந்த விதையில் கொழுப்பு அதிகம் என்பதால் பரிசாக மட்டும் கொடுக்கிறோம்.

ஒன்று சொல்ல வேண்டும். பின்னேரத்தில் பழக்காதீர்கள். அடையப் போகிற காட்டுக்கிளிக் கூட்டம் கத்திக்கொண்டே வீட்டுக்கு மேலால் போகும். எங்கள் கிளி யன்னல் பக்கம் திரும்பி அதற்குப் பதில் கொடுத்துக்கொண்டே இருக்கும், நாங்கள் கூப்பிடுவது காதிலேயே விழாது. மரப்பொந்தில் இருந்து குஞ்சை எடுத்து விற்கிறவர்களிடம் வாங்கவே வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான்.

தெஹிவளையிலிருந்து:

எங்கள் அனுபவம் வீட்டுக்கு வெளியே நடந்தது. சித்திரைப் புத்தாண்டு வெடிச் சத்தத்தில் மிரண்டு, யாரோ கதவைத் திறந்த நேரம் எங்கள் காக்கட்டீல் வெளியே பாய்ந்துவிட்டது. பக்கத்து வளவுத் தென்னையின் உச்சியில் போய் உட்கார்ந்தது. காகங்கள் சூழ்ந்துகொண்டன. நான் விசிலடித்தேன், அதுவும் பதிலுக்கு விசிலடித்தது. ஆனால் இறங்கவில்லை. வர மனமில்லாமல் இல்லை, வீட்டுக்குள் வளர்ந்த பறவைக்கு அவ்வளவு உயரத்திலிருந்து செங்குத்தாக இறங்கத் தெரியாது. இது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. இருட்டியதும் சத்தம் அடங்கிவிட்டது. இரவில் அவை பறக்காது என்பதால் இடத்தைக் குறித்துக்கொண்டு வந்தோம்.

விடியுமுன்னே அதன் கூட்டை மொட்டை மாடியில் வைத்து, அதன் சோடி இருக்கிற கூட்டையும் பக்கத்தில் வைத்தோம். சோடி கத்தத் தொடங்கியது. தென்னையிலிருந்து மாமரம், மாமரத்திலிருந்து மதில், பிறகு மாடிக் கைப்பிடிச் சுவர். அதற்குள் யாரும் எழும்பிக் கிட்டப் போகாமல் பிள்ளைகளை இருத்தி வைத்ததுதான் பெரிய பாடு. அங்கேயிருந்து நேரே கூட்டு வாசல் கம்புக்கு வந்து, உள்ளே போய்த் தண்ணீர் குடித்தது. வீட்டுக்குள் அந்தப் பழக்கம் இல்லாமல் இருந்திருந்தால் மாடி வரை வந்தும் உள்ளே போயிருக்குமா என்று நினைத்தாலே பதறுகிறது.

வெள்ளவத்தையிலிருந்து:

தெஹிவளைக்காரர் சொன்னதை எல்லோரும் கவனியுங்கள். இறங்கிப் பறப்பதைத் தனியாகவே பழக்கலாம். அலுமாரி மேலிருந்து நிலத்துக்குக் கூப்பிடுங்கள், மாடிப்படி இருந்தால் மேல்படியிலிருந்து கீழ்படிக்குக் கூப்பிடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சரிவைக் கூட்டுங்கள். இறகை வெட்டியிருக்கிறோம், எங்கே போகப்போகிறது என்று அசட்டையாக இருக்காதீர்கள். தென்மேல் பருவக் காற்று கடலில் இருந்து வீசுகிற மாதங்களில், வெட்டிய இறகோடும் ஒரு பறவை பல்கனியிலிருந்து அடுத்த ஒழுங்கை வரை போய்விடும். திரும்பிப் பறந்து வரத்தான் முடியாது.