புதுப்பிப்பு: சீட்டு இல்லாம பகடைலயே போக்கர் ஆட முடிஞ்சுது

சீட்டுக்கட்டு இல்லாம பகடைய வச்சே போக்கர் மாதிரி (கையில இருக்கிறத மறைச்சு புளுகி ஆடுற) சீட்டாட்டம் ஆட வழி இருக்கான்னு முன்னாடி கேட்டிருந்தேன்ல, பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

நாலு முகம், இருபது முகம் பகடை ரெண்டையும் சேர்த்து உருட்டி (13க்கு மேல வந்தா திரும்ப உருட்டணும்) 52 சீட்டையும் கொண்டு வர்ற ஐடியாவ முதல்ல பாத்தோம். சீட்டு வருது, ஆனா வந்ததே திரும்பவும் வருது, ஒவ்வொண்ணையும் எழுதி வச்சு அடிக்கணும், போர்.

ஒர்க் ஆனது போக்கர் டைஸ் தான். அஞ்சு பகடை, ஒவ்வொண்ணுலயும் 9, 10, ஜாக், குயின், கிங், ஏஸ். எல்லாருக்கும் தெரியற மாதிரி உருட்டினா மறைக்கிறதுக்கு எதுவும் இல்லையேன்னு நான் கேட்டதுக்கு ஒருத்தர் கப்புக்குள்ள உருட்டி, என்ன வந்திருக்குன்னு சொல்லி அப்படியே அடுத்த ஆளுக்கு தள்ளுங்கன்னாரு, அந்த அடுத்த ஆள் நம்பலன்னா தூக்கி பாக்கலாம், நம்பினா வேணுங்கிறத மறுபடி உருட்டி அதைவிட பெருசா ஒண்ணு சொல்லியே ஆகணும். செம, புளுகுறதுக்கு சீட்டைவிட இதான் பெஸ்ட்.

எதிர்பார்க்காதது: ஃபிளஷ் (அஞ்சும் ஒரே ஜாதி) கிடையாது, ஏன்னா இந்த பகடைல ஸ்பேட், ஹார்ட் மாதிரி ஜாதி இல்ல. அப்புறம் மொத்தம் 7776 விதத்துல ஃபுல் ஹவுஸ் (மூணு ஒண்ணு, ரெண்டு இன்னொண்ணு) 300, ஸ்ட்ரெயிட் (அஞ்சும் வரிசையா) 240 தான், அதனால ஸ்ட்ரெயிட்டை மேல வச்சுக்கிட்டோம். ஒரே ஜோடி மட்டும் 3600, அதனால யாராச்சும் ஜோடின்னு சொன்னா பேசாம நம்பிடுங்க.