கோத்தகிரிப் பாறைச்சரிவில் ஆர்மேரியா: அடைமழையில் அழுகுகிறது, வழி சொல்லுங்கள்

குழுவினருக்கு வணக்கம். கோத்தகிரியில் வீட்டுக்குப் பின்னால் உள்ள பாறைச்சரிவில் ஆர்மேரியா மரிட்டிமா வளர்க்கிறேன். ஐரோப்பியக் கடலோரப் பாறை இடுக்குகளில் உப்புக்காற்றைத் தாங்கி நிற்கும் செடி. புல் போன்ற இலைகள் ஆண்டு முழுவதும் பச்சையாக இருக்கும். ஒரு சாண் காம்பில் இளஞ்சிவப்புப் பூப்பந்து. பிரிட்டனின் பித்தளை மூன்று பென்னி நாணயத்தில் 1937 முதல் 1952 வரை இதன் உருவம்தான் இருந்தது. அத்தனை அழகு!

குளிரும் உறைபனியும் இதற்குப் பொருட்டே இல்லை. வடகிழக்குப் பருவமழைதான் சிக்கல். ஐப்பசி அடைமழைக்குப் பிறகு, மெத்தை போன்ற திட்டின் நடுப்பகுதி பழுப்பாகி, தொட்டால் கையோடு வருகிறது. ஓரங்கள் மட்டுமே பச்சை. எங்கள் செம்மண் நீரைப் பிடித்துவைக்கும் என்பதால் மணலும் ஜல்லியும் தாராளமாகக் கலந்திருக்கிறேன். உரம் போடுவதில்லை, வளமான மண்ணில் இது தளதளவென வளர்ந்து விரைவில் வீணாகிவிடும்.

நலமாக உள்ள ஓரப்பகுதிகளை வேரோடு பிரித்து இப்போதே நடலாமா, மழை ஓயும்வரை பொறுக்க வேண்டுமா? செடியின் கழுத்தை, அதாவது தண்டு மண்ணைத் தொடும் இடத்தை, சுற்றிச் சிறு ஜல்லி பரப்பியவர்களுக்குப் பலன் கிடைத்ததா? மழைக்காலத்தில் மேலே கூரை போடுவதில் எனக்கு விருப்பமில்லை. வெயில் குறைந்தால் பூக்காது.

இன்னொன்றும் முக்கியம். வெளிநாட்டிலிருந்து வந்த சீகை (வாட்டில்) மரமும் ஸ்காட்ச் புரூம் புதரும் நம் மலைப் புல்வெளிகளை விழுங்கியதைப் பார்த்தவர்கள் நாம். இந்தச் செடி விதை விழுந்து வேலி தாண்டியதை யாராவது கண்டிருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், முழுவதையும் பிடுங்கிவிடுகிறேன்.