நுவரெலியாவில் விலை கூடிய ஐஸ்கிரீம் காசுக்குத் தகுமா?

அண்ணாமாரே, அக்காமாரே, ஒரு உதவி. ஏப்ரலில் மகளின் பிறந்தநாளுக்கு நுவரெலியா போகிறோம். கிரகரி வாவி பார்த்த பிறகு நல்ல ஐஸ்கிரீம் வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். போன முறை ஒரு கடையில் ஒரு ஸ்கூப்புக்கு 700 ரூபா கொடுத்தோம். வாயில் வைத்ததும் நுரை போல் மறைந்து, நாக்கில் எண்ணெய்ப் பிசுபிசுப்புத்தான் மிஞ்சியது. பிள்ளையின் முகம் வாடிப்போனது.

நல்ல ஐஸ்கிரீமில் காற்று குறைவு, பால் கொழுப்பு கூட. மலிவானதில் பாதியளவு காற்றே இருக்கலாம். ஒரு லீட்டர் டப்பா 550 கிராம் அளவில்தான் நிறுக்கும். சிலதில் பாலுக்குப் பதில் தாவரக் கொழுப்பு. அப்படியிருக்க, விலையை மட்டும் நம்பி எப்படி வாங்குவது?

நுவரெலியாவிலோ கண்டியிலோ உண்மையான பாலில் செய்யும் கடை தெரிந்தால், நீங்களே சாப்பிட்டுப் பார்த்திருந்தால், விலையோடு சொல்லுங்கள்.