மகன் இல்லாத வீடு, பெரியத்தாவுக்கும் பங்கு உண்டா?

கேள்வி: தஞ்சைத் தங்கை

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் இரண்டு பெண்கள், கூடப் பிறந்த ஆண் யாரும் இல்லை. அத்தாவுக்கு (அப்பாவுக்கு) 71 வயது, போன மாதம் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அழைத்து வந்தோம், இப்போது நடமாடுகிறார், அல்ஹம்துலில்லாஹ். வந்த மறுநாளே நலம் விசாரிக்க வந்த சொந்தக்காரர் ஒருவர், டீ கிளாஸைக் கீழே வைப்பதற்குள், "ரெண்டும் பொம்பளப் பிள்ளைங்க, உங்க அத்தாவோட அண்ணனுக்கும் பங்கு போகும்ல" என்று ஆரம்பித்துவிட்டார். அம்மா அன்றிலிருந்து சரியாகத் தூங்குவதில்லை.

இருப்பது ஒரு வீடு, அத்தா சவூதியில் 19 வருடம் கிடந்து கட்டியது. அப்புறம் தாத்தா வழியில் வந்த 6 மா நஞ்சை. அத்தாவோடு பிறந்தவர் அவர் அண்ணன், எங்கள் பெரியத்தா ஒருவர்தான். உயில் எழுதிவிடுங்கள் என்கிறார் ஒருவர், நிலத்துக்கு ஷரீஅத் சட்டம் பொருந்தாது என்கிறார் இன்னொருவர். ஷரீஅத்தை விட்டு ஓட வழி கேட்கவில்லை. எது மார்க்கம், எது கோர்ட்டு என்று தெரிந்தால் போதும்.

பதில் 1: பத்திர ஆபீஸ் வாசல்

வ அலைக்கும் ஸலாம். கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். மவ்த்துக்கு (மரணத்துக்கு) பிறகு அடக்கச் செலவு, கடன் போக மீதிதான் சொத்து (அத்தா உங்கள் அம்மாவுக்கு மஹர் என்ற மணக்கொடையைப் பாக்கி வைத்திருந்தால் அதுவும் கடன்தான், ஜமாஅத்தின் நிக்காஹ் தஃப்தரில், அதாவது பதிவேட்டில் பாருங்கள், முக்கால்வாசிப் பேர் இதை மறந்தே போகிறார்கள்). மீதியில் மனைவிக்கு 8இல் 1, இரண்டு பெண்களுக்கும் சேர்த்து 3இல் 2, மிச்சம் அஸபா (மீதியை எடுக்கும் ஆண்வழி வாரிசு) என்ற முறையில் பெரியத்தாவுக்கு. சொத்து 48 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு 6, உங்களுக்கு ஆளுக்கு 16, பெரியத்தாவுக்கு 10. சொந்தக்காரர் சொன்னது பொய் இல்லை, சொன்ன நேரம்தான் சரியில்லை.

நிலம் பற்றிச் சொன்னவர் பாதி சரி. 1937ஆம் வருட ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விட்டுவிட்டது உண்மை. ஆனால் 1949இல் மதராஸ் மாகாணம் அந்த விதிவிலக்கைத் திருத்தி எடுத்துவிட்டது. நம் ஊரில் வயலுக்கும் அதே கணக்குத்தான்.

உயில் வேலைக்கு ஆகாது. வாரிசு அல்லாதவருக்கே மூன்றில் ஒரு பங்குதான் எழுத முடியும், வாரிசுகளான உங்கள் பேருக்கு எழுதினால் அத்தா காலத்துக்குப் பிறகு மற்ற வாரிசுகள் சம்மதிக்க வேண்டும். அதாவது பெரியத்தாவிடமே போய் நிற்க வேண்டும்.

உயிரோடு இருக்கும்போதே கொடுப்பது ஹிபா. கொடுக்கிறேன் என்று அவர் சொல்லி, நீங்கள் ஏற்றுக்கொண்டு, சொத்தின் அனுபவமும் (சுவாதீனமும்) கைமாறினால் போதும், வாய்மொழியாகவே செல்லும், 2011இல் உச்ச நீதிமன்றமும் பதிவு கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டது. ஆனாலும் தயவுசெய்து தான செட்டில்மெண்டாகப் பதிந்துவிடுங்கள், பட்டா மாற்றும்போது வாய்மொழியை யார் கேட்பார்கள்? குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், 40,000 ரூபாய்க்கு மேல் போகாது. "என் காலத்துக்குப் பிறகு சேர வேண்டியது" என்ற வரி பத்திரத்தில் வந்துவிட்டால் அது ஹிபாவே இல்லை, ஜாக்கிரதை. இன்னொன்று, மரணப் படுக்கையில் கொடுத்தால் உயில் மாதிரிதான் கணக்கு வைப்பார்கள். அத்தா தெம்பாக நடமாடும்போதே முடியுங்கள்.

பதில் 2: ஓதிக்கொண்டிருப்பவன்

சகோதரி, உங்கள் கேள்வி புதிதில்லை. உஹத் போரில் ஷஹீதான (உயிர்த்தியாகம் செய்த) ஸஅத் பின் ரபீஉ அவர்களின் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நபிகளிடம் (ஸல்) வந்து, இவர்களின் தகப்பனுடைய சொத்து முழுவதையும் அவரோடு பிறந்தவர் எடுத்துக்கொண்டார், பணம் இல்லாமல் இவர்களை யார் கட்டுவார்கள் என்று முறையிட்டார். வாரிசுரிமை வசனம் இறங்கியது. பெண்களுக்கு 3இல் 2, தாய்க்கு 8இல் 1 கொடு, மிச்சம் உனக்கு என்று தீர்ப்பானது. அப்படியே உங்கள் வீடு! முழுவதையும் தூக்கிக்கொண்டு போனவரிடமிருந்து பிடுங்கிப் பெண்களுக்குக் கொடுத்த சட்டம் இது.

பெரியத்தாவின் அந்த மிச்சத்தோடு ஒரு பொறுப்பும் கட்டி வருகிறது. நம் பக்கத்தில் பெரும்பாலும் ஹனஃபிகள், அந்த மத்ஹபில் (சட்டப் பள்ளியில்) வசதியுள்ளவர் தன் ஏழை மஹ்ரம் (மணமுடிக்கக் கூடாத நெருங்கிய) உறவுகளுக்கு, வாரிசாக வரக்கூடிய பங்கின் அளவுக்குச் செலவுக்குக் கொடுக்க வேண்டும். அண்ணன் மகளும் தம்பி மகளும் அதில் சேர்த்தி.

ஹிபா கூடும். பிள்ளைகளுக்குள் ஒருவருக்குக் கூட ஒருவருக்குக் குறைய வேண்டாம், வாரிசை வெட்டிவிட வேண்டும் என்ற ஒரே நிய்யத்தில் (எண்ணத்தில்) செய்வதை உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) வெறுக்கிறார்கள். மனைவி மக்களுக்குக் கூரை வேண்டும் என்பது வேறு நிய்யத், அதைக் கொடுப்பவர்தான் அறிவார்.

பதில் 3: மூன்று சகோதரிகள்

மேலே சொன்ன பொறுப்பு கிதாபில் இருக்கிறது, சரி. எங்கள் வாப்பா மவ்த்தானபோது தங்கை பத்தாம் வகுப்பு. ஃபீஸ் கட்ட வாப்பா வழிச் சொந்தம் யாரும் வரவில்லை, நிக்காஹ் பந்தலுக்குக் கூட விருந்தாளி மாதிரி வந்து பிரியாணி சாப்பிட்டுப் போனார்கள், ஆனால் பாகப் பிரிவினை வழக்கு மட்டும் 40ஆம் நாள் பாத்திஹா முடிந்த கையோடு வந்தது. கோர்ட்டு பங்கைச் சட்டப்படி எண்ணிக் கொடுத்தது. பொறுப்பை யார் எண்ணுவது? ஒரு நாடு ஷரீஅத்திலிருந்து சில பக்கங்களை மட்டும் கிழித்தெடுத்து நடத்தினால் இப்படித்தான் ஆகும். பங்குப் பக்கம் பலமாக இருக்கிறது, பராமரிப்புப் பக்கம் சட்டப் புத்தகத்தில் அச்சாகியிருந்தும் அதைக் கேட்டு ஒருத்தி வழக்குப் போட்டு நான் பார்த்ததில்லை.

கேரளாவில் சுக்கூர் என்ற வழக்கறிஞர், நடிகரும் கூட, மூன்று மகள்களுக்காக 2023 மார்ச் 8 அன்று தன் மனைவியையே சிறப்புத் திருமணச் சட்டத்தில் மறுபடி கல்யாணம் செய்துகொண்டார். அப்படிப் பதிந்தால் 1925ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான். மனைவிக்கு 3இல் 1, பிள்ளைகளுக்கு 3இல் 2, அண்ணன் தம்பிக்குப் பூஜ்யம். நான் இருந்தால் அதைத்தான் செய்வேன்.

பத்திர ஆபீஸ் வாசல்: கவனித்தீர்களா, அங்கேயும் பெண்களுக்கு அதே 3இல் 2தான். கூடுவது அம்மா பங்கு மட்டும். அதற்காக 71 வயதில் அத்தாவையும் அம்மாவையும் ரிஜிஸ்டர் ஆபீஸ் நோட்டீஸ் பலகையில் 30 நாள் தொங்கவிட வேண்டுமா? ஊர் வாயை அவர்கள் தாங்க மாட்டார்கள். சின்ன வயதுக்காரர்கள் யோசிக்கலாம்.

பதில் 4: கீழக்கரைக்காரி

எங்கள் ஊரில் இந்தப் பேச்சே குறைவு, வீடு பெண்ணுக்குத்தான் என்று நிக்காஹ் சமயத்திலேயே முடிந்துவிடும், மாப்பிள்ளைதான் எங்கள் வீட்டுக்கு வருவார். காயல்பட்டினத்திலும் அப்படித்தான். எங்கள் உம்மும்மா ஷரீஅத் படித்தவர் இல்லை, வக்கீலும் இல்லை, ஆனால் இருக்கும்போதே கொடுத்தார். அவ்வளவுதான் விஷயம்.

தஞ்சைத் தங்கை:

எல்லாருக்கும் ஜஸாக்கல்லாஹ். அத்தாவிடம் படித்துக் காட்டினேன். மஹர் பாக்கி என்றதும் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார், 2 பவுன் இன்னும் கொடுக்கவில்லையாம். வீடு எங்கள் மூன்று பேருக்கும் இப்போதே ஹிபா, வயல் அப்படியே இருக்கட்டும், அதில் அண்ணனுக்கு வருவது வரட்டும் என்று சொல்லிவிட்டார். அது எங்கள் தாத்தா நிலம், பெரியத்தாவும் அதில் நாற்று நட்டவர்தானே என்கிறார்.

ஒரு சிக்கல். பத்திரம் எழுதுபவர் மனைக்கான தாய்ப்பத்திரம் கேட்கிறார். அத்தா சவூதியில் இருந்தபோது மனை வாங்கிப் போட்டது பெரியத்தாதான், பத்திரம் இன்னும் அவர் வீட்டுப் பீரோவில்தான் இருக்கிறது. நகல் எடுத்துக்கொள்ளலாம் என்றார் பத்திரக்காரர். அத்தா ஒத்துக்கொள்ளவில்லை. ஜும்ஆ முடிந்து நேரில் போய், எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லித்தான் வாங்க வேண்டுமாம். என்னையும் கூட வரச் சொல்லியிருக்கிறார்.