குளித்த தண்ணீருக்கு ஒரு கலைச்சொல்: வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது

மதுரையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். வீட்டு வேலைகளைத் தாங்களே செய்து பார்க்க நினைக்கும் புதியவர்களுக்கான ஒரு கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். மூன்றாம் இயல், குளியலறையிலிருந்தும் துணி துவைக்கும் இயந்திரத்திலிருந்தும் வரும் நீரைத் தோட்டத்துக்குத் திருப்புவது பற்றி. மூலத்தில் நிறத்தை வைத்துப் பிரிக்கிறார்கள்: இது சாம்பல் நிற நீர், கழிப்பறையிலிருந்து வருவது கறுப்பு நீர். நானும் 'சாம்பல்நீர்' என்றே எழுதியிருந்தேன். படித்துப் பார்க்கக் கொடுத்தபோது, "சாம்பல்நீரை வாழைக்குத் திருப்பவும்" என்ற வரியில் ஓர் அம்மா நின்றுவிட்டார். "ஒரு குடத்துக்கு எத்தனை கைப்பிடி சாம்பல்?" என்று கேட்டார். பூச்சிக்குச் சாம்பல் தூவிப் பழகியவர் அவர். தவறு என் சொல்லில்தான்.

'கழிவுநீர்' வேண்டாம். அது கழிப்பறையையும் சேர்த்துக்கொள்ளும். இரண்டையும் பிரித்துக் காட்டத்தான் இந்த இயலே.

தஞ்சாவூரிலிருந்து:

கழுநீர் இருக்கும்போது எதற்குப் புதிதாகத் தேட வேண்டும்? கழு என்னும் அடி, நீர் என்னும் பெயர். ஊறுகாய் போல நல்ல வினைத்தொகை. அரிசி களைந்த நீரைக் கழுநீர்ப் பானையில் ஊற்றி மாட்டுக்கு வைத்தோமே, அதுதான் பேச்சில் கழனித்தண்ணி ஆயிற்று. வயலைக் குறிக்கும் கழனியோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இலக்கியத்தில் கழுநீர் பூவாகவும் வரும், செங்கழுநீர் என்று. பூவுக்கும் கழுவுதலுக்கும் உறவு உண்டு என்பது என் நெடுநாள் எண்ணம். நீரிலேயே நின்று எந்நேரமும் கழுவப்பட்டுக் கிடக்கும் பூ அல்லவா? இதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து:

ஐயா, பூ இருக்கட்டும். கழுநீர் என்றால் மாடு குடிப்பது என்று ஊருக்கே தெரியும். சோப்பு நுரைக்கு அந்தப் பெயரை வைத்தால், படித்துவிட்டு யாராவது தொட்டியில் ஊற்றிவிட மாட்டார்களா?

என் பரிந்துரை புழங்குநீர். 2019 கோடையில் பூண்டியும் சோழவரமும் செங்குன்றமும் செம்பரம்பாக்கமும் ஏறத்தாழ வறண்டு கிடந்தபோது, குடிக்க ஒரு குடம், புழங்க இரண்டு குடம் என்று எண்ணி எண்ணித்தான் வைத்திருந்தோம். யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாத சொல் அது.

தஞ்சாவூரிலிருந்து:

அம்மா, உங்கள் எடுத்துக்காட்டே உங்கள் சொல்லுக்கு எதிராக நிற்கிறது. புழங்க வைத்த இரண்டு குடம் இன்னும் புழங்கப்படாத நீர். நமக்கு வேண்டியது புழங்கி முடித்தது. வினைத்தொகை மூன்று காலத்தையும் உள்ளே மறைத்துக்கொள்ளும். கவிதைக்கு அது அழகு. குழாய் மாட்டுகிறவர் எந்தக் குழாய் உள்ளே வருவது, எது வெளியே போவது என்று திகைத்து நிற்பார்.

நாகர்கோவிலிலிருந்து:

எங்கள் பக்கம் வீட்டுக்குள் கை கால் கழுவும், பாத்திரம் தேய்க்கும் இடம் அங்கணம். அதிலிருந்து நீர் போய் விழுவது அங்கணக்குழி. குறள் 720-இல் "அங்கணத்துள் உக்க அமிழ்து" என்று வள்ளுவரே எடுத்தாண்ட சொல். அங்கணநீர் என்று வைத்தால் நீர் புறப்படும் இடமே பெயராகிவிடும். நிறமும் வேண்டாம், காலமும் வேண்டாம்.

தஞ்சாவூரிலிருந்து:

பரிமேலழகர் அதற்குத் தூய்தல்லாத முற்றம் என்று உரை எழுதுகிறார். வடமொழியிலும் அங்கணம் முற்றம்தான். எங்கிருந்து எங்கே போனது என்று உறுதியாகாமல் கலைச்சொல்லில் ஏற்ற எனக்கு மனமில்லை.

நாகர்கோவிலிலிருந்து:

என் பாட்டி வடமொழி படித்தவர் இல்லை. நாள் முழுக்க அந்த அங்கணத்தில்தான் நின்றார். சொல் அவருடையது.

யாழ்ப்பாணத்திலிருந்து:

எங்கள் பக்கம் கிணற்றடியில் குளிக்கிற தண்ணீர் வாய்க்காலில் ஓடி வாழைக்குப் போகும். அதற்கென்று தனிப்பெயர் இருந்ததில்லை, 'குளிக்கிற தண்ணி' மட்டும்தான். எந்தச் சொல்லை வைத்தாலும் செய்முறையைத் தெளிவாக எழுதுங்கோ. ஒரு நாளுக்கு மேல் தேக்கி வைத்தால் நாறும். வந்த அன்றே மண்ணுக்குள் இறங்க வேண்டும். சலவைத்தூளில் சோடியம் உப்பு உண்டு, தொடர்ந்து விழுந்தால் மண் இறுகும். கீரை, வெங்காயத்தாள் போலப் பச்சையாகத் தின்கிறதன் மேல் படவே கூடாது. குழாய்க்கு மீட்டருக்கு 2 செ.மீ. சரிவு கொடுத்து, வாழையடியில் குழி வெட்டி, காய்ந்த இலை சருகால் மூடாக்குப் போட்டால் போதும். பாருங்கோ, மூடாக்கு எவ்வளவு நல்ல சொல்! மண்ணில் கை வைத்தவர்கள் வாயில் இருப்பதால்தான் அது நிலைத்திருக்கிறது.

இன்னொன்று. பாத்திரம் கழுவிய நீரில் எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் இருக்கும். உங்கள் இயலில் அது இல்லை என்றால் அங்கணநீர் பொருந்தாது, அண்ணா.

மதுரையிலிருந்து:

சமையலறை நீர் இந்த இயலில் இல்லை. ஐந்தாம் இயலில், கொழுப்பு வடிக்கும் தொட்டியும் கல்வாழைப் பாத்தியுமாகத் தனியே வருகிறது. இந்த விளக்கத்துக்கு நன்றி, அக்கா.

இதுவரை வந்த மடல்களில் பெரும்பாலோர் புழங்குநீர் பக்கம். தஞ்சை ஐயா காட்டிய சிக்கலையும் என்னால் தள்ள முடியவில்லை. அதனால் காலத்தை வெளியே எடுத்து 'புழங்கிய நீர்' என்று எழுதிவிட்டேன்.

தஞ்சாவூரிலிருந்து:

அது கலைச்சொல் அன்று, தொடர். 'புழங்கிய நீர்க் குழாய்' என்று எழுதிப் பாருங்கள்: பழைய குழாய் என்று படிப்பார்கள்.

சென்னையிலிருந்து:

2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அதுவும் தொடர்தான். இன்று சொல்லாதவர் யார்? குழாய்க்குத் 'தோட்டக் குழாய்' என்று போட்டுக்கொள்ளலாம். எனக்கு இது போதும்.

நாகர்கோவிலிலிருந்து:

சரி, மூன்றாம் இயலை விட்டுவிட்டேன். ஐந்தாம் இயலில் வரும் அந்த எண்ணெய்த் தண்ணீருக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்? அங்கணநீர் அதற்கென்றே பிறந்த சொல். வெள்ளிக்குள் அதையாவது பாருங்கள்.

மதுரையிலிருந்து:

அங்கே இன்னும் 'கழிவுநீர்' என்றுதான் இருக்கிறது, அண்ணா. இன்று இரவு அந்த இயலை எடுக்கிறேன்.