குழந்தை அறை லேம்ப் ஷேடு: விளக்கைப் போட்டால் நட்சத்திரம் கறுப்பாகத் தெரிகிறது, வழி சொல்லுங்க

வணக்கம். நிலா, நட்சத்திரம், மேகம் வைத்து உருளை வடிவ ஷேடு ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். வளையத்தின் விட்டம் 30 செ.மீ., உயரம் 20 செ.மீ. சுற்றளவு 94.2 வரும், ஒட்டு மடிப்புக்கு 1 செ.மீ. சேர்த்து ஷீட்டை 95.2க்கு வெட்டியாச்சு. ஒரு பக்கம் பசையுள்ள, தீப்பிடிக்காத ரக பிவிசி ஷீட். அதன்மேல் ஒட்டிய பருத்தித் துணியை மேலும் கீழும் 1.5 செ.மீ. கூட விட்டு, வளையத்தைச் சுற்றி உள்ளே மடித்திருக்கிறேன். துணியை முதலிலேயே நனைத்து இஸ்திரி போட்டதால் குமிழ் எதுவும் இல்லை.

சிக்கல் அலங்காரத்தில்தான். ஃபெல்ட் (இழைகளை அழுத்திச் செய்த தடித்த துணி) நட்சத்திரங்கள் பகலில் அழகு. விளக்கு எரிந்தால் வெளிச்சத்தை மறைத்துக் கறுப்புத் திட்டாகிவிடுகின்றன; பசை கசிந்த இடம்கூடத் தனியாகத் தெரிகிறது. ஹாட் க்ளூ வேண்டாம், சூட்டில் இளகிவிடும். பொத்தான், மணியும் வேண்டாம். உதிர்ந்தால் குழந்தை வாய்க்குத்தான் போகும்.

பல்பு 5 வாட் எல்இடி, இள மஞ்சள். குண்டு பல்பு போடச் சொல்லாதீங்க, ப்ளீஸ்!

கேள்வி இரண்டு. ஷீட்டில் நட்சத்திரத்தை வெட்டியெடுத்துவிட்டுத் துணியை ஒட்டினால், அந்த இடத்தில் துணி தொய்யுமா? எத்தனை செ.மீ. அகலம் வரை வெட்டலாம்? இல்லை, ஃபெல்ட்டுக்குப் பதில் துணிப் பெயின்ட்டே மேலா? பெயின்ட் என்றால் ஒட்டுவதற்கு முன்பா, பின்பா? செய்து பார்த்தவர்கள், விளக்கு எரியும்போது எடுத்த படம் இருந்தால் போடுங்க.